ஆறாவது ஆம்ப்ளிஃபயர்

அந்தப் பதிவுக் கருவியைக் கொஞ்சம் என் பக்கமாகத் தள்ளி வையுங்கள். அங்கேயே இருந்தால் கடைக்காரர் காபிக்கொட்டை அரைக்கிற சத்தம்தான் உங்களுக்கு மிஞ்சும். இவ்வளவு போதும். மலிவான கருவிதான், ஆனால் பேச்சைப் பதிவு செய்ய இதற்கு மேல் வேண்டியதில்லை. தேவைக்கு மேல் வாங்காத ஒருவரைச் சந்தித்து வெகுநாளாயிற்று.

நீங்கள் திருமதி இசோகாயின் வழக்கறிஞர். என்ன கேட்க வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். ஹதானோ உங்களிடம் பேசியிருப்பதும் தெரியும். எங்கள் கடையில் பழுது பார்க்கும் மேசை அவருடையது. பதினைந்து வருடத்தில் அவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் பார்த்தது ஆம்ப்ளிஃபயரில் திருகுகிற ஒரு குமிழை மட்டும். மீதியை நான் சொல்கிறேன்.

என் பெயர் முராகி. அகிஹபாராவில் ரயில் பாலத்தை ஒட்டிய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருபத்திரண்டு வருடமாக ஹெட்போனும் ஆம்ப்ளிஃபயரும் விற்கிறேன். எதை வாங்குவது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய உண்மை மிகச் சிறியது. ஹெட்போன் ஒரு மணி நேரம் போட்டாலும் தலை கனக்கக் கூடாது. மூக்குக்கண்ணாடி போட்டவர் என்றால் காதோரம் இடைவெளி விழக் கூடாது. ஆம்ப்ளிஃபயர் என்றால் பாட்டு நின்றதும் அதுவும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், உரத்த இடத்தில் மூச்சு வாங்கக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் இதைக் கேட்பதற்காக யாரும் ஐந்து மாடி ஏறி வருவதில்லை. ஒவ்வொருவரும் ஓர் எதிர்பார்ப்பைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். அதற்கு அளவான பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டுவதுதான் என் வேலை.

ஒரு பல் மருத்துவர் வருவார். கேபிளை மாற்றினால் வயலின்காரரின் சட்டைத் துணி உரசுவது கேட்கிறது என்பார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், இந்தப் பெட்டியின் மௌனம் அந்தப் பெட்டியின் மௌனத்தை விடக் கருப்பு என்பார். அவர்கள் இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல். சிள்வண்டு கத்தினால்கூடக் கேட்காத வயது. நான் தலையாட்டுவேன்.

எனக்கு ஒரு விளையாட்டு இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை மாற்றி மாற்றிக் கேட்பதற்கு ஒரு பெட்டி. பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு போய் ஆரஞ்சு விளக்கு வரும். அதன் அடியில் இருந்த கம்பியை நானே கழற்றிவிட்டேன். விளக்குதான் மாறும், ஆம்ப்ளிஃபயர் மாறாது. பதினோரு வருடத்தில் எத்தனையோ பேர் அந்த ஆரஞ்சு விளக்கைக் கேட்டுவிட்டுக் கண் கலங்கியிருக்கிறார்கள். ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. இவர்கள் காதுகளைப் பற்றி நான் என்ன நினைத்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இசோகாய் நொபுமிச்சி போன வருடம் இலையுதிர் காலத்தில் முதல் தடவை வந்தார். நாற்பத்தேழு வயது, ஒல்லி, பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற தொழில். இரண்டு பள்ளிக்கூடங்களும் சைதாமா பக்கம் ஒரு சிறிய இசையரங்கமும் அவர் பொறுப்பில் இருந்தன. மனைவி ரொட்டிக்கடையில் வேலை, விடியும் முன்பே எழுந்து போகிறவர், அதனால் மாலை ஏழு மணிக்கே படுத்துவிடுவார். மனைவியின் தூக்கம் கெடாமல் பாட்டுக் கேட்க வேண்டும், அதற்காக ஒரு நல்ல ஹெட்போன் வேண்டும் என்றார். நான் கேட்டதிலேயே நியாயமான காரணம் அது. அப்போதே எனக்கு அவரைக் கொஞ்சம் பிடிக்காமல் போனது.

நாலைந்து சனிக்கிழமை வந்து பொறுமையாகக் கேட்டுப் பார்த்தார். ஒரு சனிக்கிழமை கடையில் கூட்டம். அந்தப் பல் மருத்துவரும் இருந்தார். நான் வழக்கம்போல் பொத்தானை அழுத்தினேன். இசோகாய் கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி அழுத்தச் சொன்னார். மூன்றாவது தடவை ஹெட்போனைக் கழற்றி மெதுவாகக் கீழே வைத்தார்.

"முராகி சான், வெளக்குதான் மாறுது. சத்தம் மாறல" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். போன மாதம் அதே ஆரஞ்சு விளக்கைப் புகழ்ந்த பல் மருத்துவர்தான் அதிகமாகச் சிரித்தார். கம்பி தளர்ந்திருக்கும் என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்லிச் சமாளித்தேன்.

அத்தோடு அவர் போயிருக்கலாம். கூட்டம் கலையும் வரை காத்திருந்து கல்லா அருகே வந்தார். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு இடது காது கேக்காதுதானே?"

நான் கல்லாவில் கிடந்த கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"ஹெட்போனைச் சோதிக்கும்போது ரெண்டு பக்கத்தையும் வலது காதுலயே வெச்சுப் பாக்கறீங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க. ஒரே காதை வெச்சுக்கிட்டு இந்த வேலைய இவ்வளவு நாளா செய்யறீங்களே, பெரிய விஷயம்."

பிறகு எனக்குத் தலை வணங்கினார். ஆழமாக, நேரம் எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு வணங்குவது போல.

அவர் சொன்னது சரிதான். இடது காது எனக்குப் பதினோரு வருடமாகக் கேட்காது. கடையில் ஒருவருக்கும் தெரியாது. ஹதானோவுக்கே தெரியாது. இசோகாய் வாக்குத் தவறவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு என்னோடு பேசும்போதெல்லாம் சற்று உரக்க, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேச ஆரம்பித்தார். அன்போடுதான். எனக்கு அவர் மேல் கோபம் எதுவும் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருடம் மே மாதம் ஒரு ஹெட்போன் வாங்கினார், காதை மூடும் மரக் கிண்ணம் வைத்தது, நல்ல தேர்வு. ஜூன் மாதம் மழை பிடித்த இரண்டாவது நாள், வியாழக்கிழமை சாயங்காலம், நனைந்த குடையோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"காலையிலேருந்து வலது பக்கம் பஞ்சு வெச்ச மாதிரி இருக்கு. கேபிளா இருக்குமோ?" என்று கேட்டார். சளி பிடித்திருக்கிறது, காதும் கொஞ்சம் அடைக்கிறது, அதனால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

ஹெட்போனை வாங்கி இரண்டு பக்கத்தையும் என் வலது காதில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அவர்தான் என் ரகசியம் தெரிந்தவராயிற்றே, அவர் முன்னால் வெட்கம் என்ன. இரண்டு பக்கமும் ஒன்றுதான். மயிரிழை வித்தியாசம் இல்லை.

அந்தப் பஞ்சு எனக்குத் தெரிந்த பஞ்சு. பதினோரு வருடம் முன்பு ஒரு மார்ச் மாதக் காலையில் என் இடது காதில் வந்து உட்கார்ந்தது. நானும் ஹெட்போனைத்தான் சந்தேகப்பட்டேன். பத்து நாள் கேபிளும் பெட்டியுமாக மாற்றிக்கொண்டிருந்துவிட்டு மருத்துவரிடம் போனேன். திடீரென்று வருகிற செவிட்டுத்தனம் என்று ஒன்று உண்டு, வந்த முதல் வாரத்துக்குள் மருந்து கொடுத்தால் பலருக்குத் திரும்பிவிடும், இரண்டு வாரம் தாண்டினால் கை விட்டுப் போய்விடும் என்று அவர் சொன்னார். பத்தாவது நாள் எடுத்த மருந்து எனக்குப் பலிக்கவில்லை. அப்படியாக, இசோகாய் முன்னால் நின்றிருக்க, அவர் குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில், நோய் என்ன, நாள் எத்தனை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"கேபிளை மாத்திப் பாப்போம்" என்றேன்.

சனிக்கிழமை திரும்பி வந்தார், குறையவில்லை. அப்போதுதான் நான் ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பேசினேன். இந்த ஹெட்போனுக்குப் பசி அதிகம், அவர் வீட்டுப் பெட்டியின் வலது பக்கம் அதற்குத் தீனி போட முடியாமல் திணறுகிறது என்றேன். கடையில் காட்சிக்கு வைத்திருந்த ஒன்றை இரவல் கொடுத்தேன். புதுப் பெட்டி பழகுவதற்கு நூறு மணி நேரம் ஓட வேண்டும், அதற்கு முன்னால் முடிவுக்கு வராதீர்கள் என்றும் சொன்னேன். இது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற பேச்சு. பொருளைத் திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டும்வரை வாடிக்கையாளரை வீட்டில் உட்கார வைப்பதற்கு இதை விட நல்ல மருந்து கிடையாது. பல் மருத்துவர் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்.

இசோகாய் நூறு மணி நேரம் ஓட்டவில்லை. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டார். அதாவது, பஞ்சு வந்த ஆறாவது நாள். முகம் வெளிறிப் போயிருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், ரயில் நிலையத்தில் ஒரு சோற்று உருண்டை வாங்கினேன், பையிலேயே இருக்கிறது என்றார்.

ஹதானோ தன் மேசையிலிருந்து எழுந்து வந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"இசோகாய் சான், ஒரு தடவ காது டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுங்களேன். எதுக்கும் நல்லது" என்றார்.

இதை அவர் சொன்னது உங்களிடம் இருக்கும். நான் என்ன செய்தேன் என்பதும் இருக்கும். கீழே மூன்றாம் மாடிக் கடைக்காரர் ஒருவர் பழுதான பொருளோடு காத்திருக்கிறார் என்று சொல்லி ஹதானோவை அனுப்பினேன். அப்படி ஒருவர் காத்திருக்கத்தான் செய்தார், அது பொய்யில்லை.

அவர் போனதும் இசோகாய் சொன்னார்: "எனக்கும் அந்தப் பயம்தான். காதே போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், எனக்கு வேற ஒண்ணும் தெரியாதே." பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சொல்லிக் கொடுக்காமலே கண்டுபிடித்தார், அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். "ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கறேன். இடதை வலதுல, வலதை இடதுல. அப்பவும் வலது காதுலயே மந்தமா இருந்தா, கோளாறு எனக்கு. மந்தம் இடது பக்கம் வந்துட்டா, கோளாறு இதுக்கு. சரிதானே?"

"சரிதான். கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க" என்றேன்.

இரண்டே நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடக்கூடிய சோதனை அது. அன்று அவர் அங்கிருந்து நேராக மருத்துவரிடம் போயிருந்தால், மறுநாள் காலையில் மருந்து உள்ளே போயிருக்கும்.

அவர் கண்ணை மூடினார். கல்லாவில் இருந்த ஆம்ப்ளிஃபயரில் இரு பக்கச் சத்தத்தையும் சரிசமமாக்குகிற குமிழ் ஒன்று உண்டு. அதை இடது கோடி வரைக்கும் திருகினேன். அவர் திருப்பி மாட்டியிருந்ததால், இருந்த சத்தமெல்லாம் அவருடைய வலது காதுக்குள் போனது. சத்தத்தையும் கூட்டினேன், நன்றாகவே கூட்டினேன். நன்றாயிருந்த இடது காதுக்கு ஒன்றும் போகவில்லை.

"மந்தம் இடது பக்கம் வந்துடுச்சு" என்றார்.

கண்ணைத் திறந்தபோது அழுதிருந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று என்னிடம் சொன்னார். எதற்கு மன்னிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கல்லா ஓரத்திலேயே நின்று அந்தச் சோற்று உருண்டையைப் பிரித்துச் சாப்பிட்டார். நல்ல பசி அவருக்கு.

அன்று மாலை கடை சாத்தும்போது ஹதானோ அந்தக் குமிழைப் பார்த்துவிட்டார். இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். யாராவது வாடிக்கையாளர் திருகியிருப்பார் என்றேன். அவர் அதை நடுவுக்குக் கொண்டுவந்தார்.

ஆரஞ்சு விளக்கைப் பிடித்தவர், நினைத்துப் பாருங்கள். கடையே ஏமாந்தபோது ஏமாறாதவர். பஞ்சு பொதிந்த சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தால் அது பஞ்சு பொதிந்த பெரிய சத்தமாகத்தான் இருக்கும். அதைக்கூட அவரால் பிரித்துக் கேட்க முடியவில்லை. எதை எதிர்பார்த்தாரோ அதைக் கேட்டார். பல் மருத்துவருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? அன்று எனக்கு ஏதோ நிரூபணமானது போல் இருந்தது. அமைதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றினோம். இரண்டாவது ஆம்ப்ளிஃபயர் வறட்சியாக இருக்கிறது என்றார். மூன்றாவதில் மேல் சுரங்கள் இரண்டிரண்டாகக் கேட்கின்றன, வலது பக்கம் கால் சுரம் இறங்கியிருப்பது போல இருக்கிறது என்றார். ஆம்ப்ளிஃபயர் ஒரு பக்கத்துச் சுருதியை மட்டும் இறக்காது. உலகத்தில் அப்படி ஒரு ஆம்ப்ளிஃபயர் கிடையாது. அந்தக் கோளாறு காதுக்கு மட்டும்தான் வரும். சுருதி சேர்க்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? மின்சாரத்தில் அழுக்கு இருக்கும், வேறு செருகுமுனையில் போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டுப் பார்த்தார். நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொன்றுக்கும் நான் இரண்டு, மூன்று நாள் கொடுத்தேன். மழையும் விடவில்லை.

பதினைந்தாவது நாள் ஆறாவது ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தேன். பழைய காலத்துக் கண்ணாடி வால்வு வைத்தது, கனமானது, பார்க்க அழகானது. கொடுப்பதற்கு முன்னால் அதன் குமிழை வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அவரை உட்கார வைத்து, இப்போது எப்படி, இப்போது எப்படி என்று கேட்டுக் கேட்டு ஓரிடத்தில் நிறுத்தினேன். அந்த இடத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்தேன். இந்தப் பெட்டிக்கு இதுதான் நடு, நாங்கள் அளந்து குறித்திருக்கிறோம், அசைக்காதீர்கள் என்றேன்.

அவர் ஒரு பாட்டு முழுவதும் கேட்டார். "இதுதான், முராகி சான். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு. நான் எதிர்பார்த்தது இதுதான்" என்றார். அன்றே வாங்கிக்கொண்டு போனார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வாடிக்கையாளரின் காதுக்கு அவ்வளவு அளவாக நான் ஒரு பொருளைக் கொடுத்ததில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான்கு நாள் கழித்து அந்தச் சைதாமா அரங்கத்தில் ஒத்திகையின்போது, பியானோ வாசிக்க வந்த பெண் பாதியில் நிறுத்திவிட்டு, மேல் கட்டைகளுக்குச் சுருதி சேர்த்தது யார் என்று கேட்டிருக்கிறார். அன்று மத்தியானமே இசோகாய் மருத்துவரிடம் போனார். பத்தொன்பதாவது நாள். மருந்து கொடுத்தார்கள், எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். இப்போது வலது காதுக்குள் நாள் முழுக்கக் கெண்டி கொதிக்கிற சத்தம் கேட்கிறதாம். இடது காது நன்றாக இருந்தும் அந்தச் சத்தத்துக்கு நடுவே சுருதி பிடிபடவில்லை. அரங்கத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். திருமதி இசோகாய் ரொட்டிக்கடையில் சாயங்கால வேலையும் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று ஹதானோ சொன்னார்.

நான் கெடுதல் செய்ய நினைத்தேனா என்றுதானே கேட்கப் போகிறீர்கள். இல்லை. அவருடைய காதை நான் தொடவில்லை. வைரஸோ, ரத்த ஓட்டமோ, அது தானாக வந்த நோய். நான் மருத்துவர் இல்லை, நோயைச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் என்னிடம் கேட்கவில்லை. அவர் ஆம்ப்ளிஃபயர் கேட்டார், கொடுத்தேன். அவ்வளவு நல்ல காது உள்ளவர் தானாகக் கண்டுபிடித்துவிடுவார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். கண்டுபிடித்திருந்தால் நான்தான் முதலில் சந்தோஷப்பட்டிருப்பேன். கோபம் இருந்தால் ஒருவன் இப்படிக் காத்திருப்பானா?

இனி உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. ஹதானோவும் அன்று கடையில் இல்லை, இசோகாயும் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்.

ஜூலை நடுவில் ஒரு நாள் காலை, கடை திறந்ததும் இசோகாய் தனியாக வந்தார். துணியில் கட்டிய இனிப்புப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார். என் பொருள்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார். கோளாறு என்னிடமே இருந்திருக்கிறது, அது தெரியாமல் உங்களை இவ்வளவு அலைய வைத்துவிட்டேன் என்றார். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் இருவரும் மழைக்குப் பின் வந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"உங்களுக்கும் இப்படித்தான் ஆச்சா?" என்று கேட்டார். அதுவரை ஒருநாளும் அவர் அதைக் கேட்டதில்லை. மரியாதை தெரிந்தவர்.

ஆமாம், இதேதான், ஒரு காலையில் பஞ்சு மாதிரி வந்தது, பத்து நாள் வீணாக்கிவிட்டேன், சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார் என்றேன்.

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அப்ப, நான் மொதல்ல வந்தேனே, அந்த வியாழக்கிழமை. உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"மொத நாளே தெரியும்" என்றேன்.

அந்த நேரம் பாலத்தில் ஒரு ரயில் போனது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. என்ன சொன்னீர்கள் என்பது போலத் தலையை லேசாகச் சாய்த்தார். அவருடைய வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன், காதில் விழவில்லை. ஒன்றுமில்லை என்று நான் சொல்லியிருந்தால், அவர் இன்னொரு முறை வணங்கிவிட்டு, என்னைப் பற்றி நல்லபடியாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

ரயில் போய் முடிகிற வரை காத்திருந்தேன். பிறகு எழுந்து சுற்றிக்கொண்டு அவருடைய இடது பக்கம் போய், குனிந்து, இன்னொரு முறை தெளிவாகச் சொன்னேன்.